ஒரு காணி இரண்டு உறுதிகளான பதினெட்டு மாதங்கள்

2021 ஆகஸ்ட்டில் எங்கள் டியூப்ளெக்ஸுக்கு, அதாவது ஒட்டிக் கட்டிய இரட்டை வீட்டுக்கு, குடிபுகும் சான்றிதழ் கிடைத்தது. இடப்பக்க வீட்டில் அக்கா, அத்தான், பிள்ளைகள். வலப்பக்க வீட்டில் நானும் என் குடும்பமும் அம்மாவும். வாசல் வேறு, சமையலறை வேறு, மின்சார பில் வேறு. ஆனால் பதிவேட்டில் அது ஒரே காணி, ஒரே உறுதி (தமிழகத்தில் பத்திரம் என்பார்கள்). அதில் எங்கள் இருவர் பெயரும் பாதிப் பாதியாக இருந்தது. அதை இரண்டாக்கி ஆளுக்கொன்று என்று எடுக்க 2023 பெப்ரவரி ஆகிவிட்டது. அந்தப் பதினெட்டு மாதத்தில் ஒரு வருடமாவது தேவையில்லாமல் போனது என்பதே என் கணக்கு. சிட்னியில் கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து டியூப்ளெக்ஸ் கட்டுவது இப்போது நிறைய நடக்கிறது. அவர்களில் யாராவது கட்டுவதற்கு முன்னால் இதைப் படிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

காணி

மேற்குச் சிட்னியில் டூங்காபிக்குப் பக்கத்தில், 2018இல் வாங்கினோம். முகப்பு 50 அடி, அதாவது 15.24 மீற்றர். நீளம் 42 மீற்றர். மொத்தம் 640 சதுர மீற்றர், யாழ்ப்பாணக் கணக்கில் இரண்டரைப் பரப்பு. மேலே பழைய ஃபைப்ரோ (சீமெந்துத் தகட்டு) வீடு ஒன்று. அஸ்பெஸ்டஸ் இருந்ததால் இடிக்கவே தனி அனுமதிக்காரர் வேண்டியிருந்தது. 2019 கடைசியில் கவுன்சில் (உள்ளூராட்சி சபை) அபிவிருத்தி அனுமதி (டிஏ) தந்தது, அடுத்த வருடம் கட்டத் தொடங்கினோம்.

ஏன் தனி உறுதி வேண்டும் என்பதில் எங்கள் வீட்டில் விவாதமே வரவில்லை. அதற்குக் காரணம் அம்மா. யாழ்ப்பாணத்தில் எங்கள் பேரனின் (தாத்தாவின்) காணி பிரிபடாத பங்காக ஏழு பேருக்குப் போனது. ஏழு பேரின் பிள்ளைகள் நாலு நாட்டில். கிணறு யாருக்கு, வழி யாருக்கு என்று தொடங்கியது, பங்குபிரிப்பு வழக்கில் போய் நின்றது. 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பங்குபிரிப்புச் சட்டம் என்று இலக்கத்தோடு எங்கள் அம்மாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்ததல்ல, கோர்ட்டு வாசலில் நின்று படித்தது. "நீங்கள் ரெண்டு பேரும் உயிரோட இருக்கேக்கையே பிரிச்சுப் போடுங்கோ. பிள்ளையளிட்ட விட்டிடாதேங்கோ" என்பது நாங்கள் இந்தக் காணியை வாங்கும்போதே அவர் சொன்ன வார்த்தை. நாங்களும் சரி என்றுதான் சொன்னோம். ஆனால் எப்போது என்று கேட்டுக்கொள்ளவில்லை.

ஸ்ட்ராட்டாவா, டொரன்ஸா

சிட்னி இருக்கும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் ஒரு டியூப்ளெக்ஸை இரண்டு விதமாகப் பிரிக்கலாம்.

ஒன்று ஸ்ட்ராட்டா. அடுக்குமாடிகளுக்காக 1961இல் இந்த மாநிலம் கொண்டுவந்த சட்டத்தின் வழி வந்தது. வீட்டின் உட்பகுதி உங்களுடையது. வெளிச்சுவர், கூரை, நிலம் ஆகியவை பொதுச் சொத்து. இரண்டே வீடு என்றாலும் உரிமையாளர் சங்கம் ஒன்று சட்டப்படி உருவாகிவிடும். ஆண்டுப் பொதுக்கூட்டம், கட்டடக் காப்புறுதி, பத்து வருடப் பராமரிப்புத் திட்டம், அரசின் ஸ்ட்ராட்டா ஹப்பில் வருடாவருடம் பதிவு எல்லாம் வரும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் சங்கத்தில் ஒருவர் ஆம் என்று மற்றவர் இல்லை என்றால் அதோடு முட்டுக்கட்டைதான்.

மற்றது டொரன்ஸ். றொபர்ட் டொரன்ஸ் 1858இல் தென் அவுஸ்திரேலியாவில் கொண்டுவந்த முறை, 1863 தொடக்கத்திலிருந்து இங்கேயும் இருக்கிறது. நம் ஊரில் உறுதி என்பது யார் யாருக்கு விற்றார் என்ற சங்கிலி. அதை லோயர் ஒருவர் பின்னோக்கிப் படித்துக்கொண்டே போகவேண்டும். டொரன்ஸ் முறையில் சங்கிலி கிடையாது. பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் உரிமையாளர், அதற்கு அரசு பொறுப்பு நிற்கிறது. டொரன்ஸில் பிரித்தால் நிலம், சுவர், கூரை எல்லாம் கோட்டுக்கு இந்தப் பக்கம் உங்களுடையது, அந்தப் பக்கம் அடுத்தவருடையது. சங்கமும் கூட்டமும் இல்லை.

ஒரு வீட்டுக்கு மேல் மற்ற வீடு இருந்தால் டொரன்ஸில் பிரிக்க முடியாது, ஸ்ட்ராட்டாதான் வழி. எங்கள் வீடுகள் பக்கம் பக்கமாக, நடுவில் ஒரு பொதுச்சுவரோடு இருந்தன. ஆகவே டொரன்ஸ் என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் இன்றுவரை எனக்கு வருத்தமில்லை. அக்காவும் தம்பியும் ஆண்டுக்கொருமுறை கூட்டம் போட்டு வாக்கெடுப்பு நடத்தும் நிலை யாருக்கும் வேண்டாம்.

முதல் பிழை, எல்லாப் பிழைக்கும் தாய்

வரைபடம் போட்டவரிடம் முதல் சந்திப்பிலேயே பிரிப்பதைப் பற்றிக் கேட்டேன். "அது பிறகு செய்யலாம், இப்போது கட்ட அனுமதி எடுப்போம், டிஏ சுகமாகப் போகும்" என்றார். பொய் சொல்லவில்லை. பிறகும் செய்யலாம்தான். ஆனால் கட்டுவதற்கும் பிரிப்பதற்கும் ஒரே டிஏயில் சேர்த்துக் கேட்டிருக்கலாம் என்பதை அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. விளைவு என்னவென்றால், வீடு கட்டி முடிந்த பிறகு காணியைப் பிரிக்க மட்டும் இரண்டாவது டிஏ போடவேண்டி வந்தது. துரித அனுமதி வழி ஒன்று இந்த மாநிலத்தில் இருக்கிறது. டியூப்ளெக்ஸ் போன்ற சிறு குடியிருப்புகளுக்கான அந்த விதித்தொகுப்பு 2020 ஜூலையிலிருந்து எல்லாக் கவுன்சில்களிலும் நடைமுறையில் உள்ளது. நாங்கள் கவுன்சில் வழியே கட்டியதால் அது எங்களுக்கு உதவவில்லை. 2021 ஆகஸ்ட்டில் போட்ட மனு 2022 ஜனவரியில் வந்தது. ஐந்து மாதம் அதிலேயே போயிற்று.

காலம் போனது மட்டும் இழப்பல்ல. பிரிக்கும் நோக்கத்தோடு வரைந்திருந்தால் குழாய்கள் வேறு வழியாகப் போயிருக்கும். வீட்டை ஒரே காணி என்று நினைத்து வரைந்தவர், ஒரே காணியாகவே குழாய்களையும் ஓடவிட்டிருந்தார். அந்தக் கதை கொஞ்சம் பிறகு.

சுவர்

உறுதி பிரிவது இந்தச் சுவரின் நடுவாலே. ஆகவே இதைத்தான் முதலில் எல்லோரும் பார்க்கிறார்கள்.

கட்டட விதிப்படி இரண்டு வீட்டுக்கும் நடுவிலுள்ள சுவர் 60/60/60 தீத்தடுப்பு உள்ளதாக இருக்கவேண்டும். தீப்பற்றினால் 60 நிமிடம் சுவர் விழக்கூடாது, 60 நிமிடம் தீ ஊடுருவக்கூடாது, 60 நிமிடம் மறுபக்கம் கொதிக்கக்கூடாது. அத்திவாரத்தில் தொடங்கிக் கூரை ஓட்டின் அடிவரை இடைவெளியில்லாமல் போகவேண்டும். 75க்கு 50 மில்லிமீற்றருக்கு மேற்படாத கூரைச் சட்டங்களைத் தவிர வேறு மரம் எதுவும் அதைக் குறுக்கே கடக்கக்கூடாது. எங்கள் சுவர் சீலிங்வரை அருமையாக இருந்தது. கூரைக்குள் ஏறிப் பார்த்தால் பின்பக்கத்தில் ஓட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது. குடிபுகும் சான்றிதழுக்கு முன், அதைத் தரும் செர்ட்டிஃபையர் கண்டுபிடித்தார். சுவரை உயர்த்தி, ஓட்டுக்கும் சுவருக்கும் இடையில் மினரல் வுல் என்ற தீப்பற்றாத பஞ்சை அடைத்தார்கள். அந்த மனிதர் ஏணியில் ஏறாமல் கீழே நின்றே கையெழுத்துப் போட்டிருந்தால் ஒரு வீட்டுத் தீ கூரைக்குள்ளாலேயே மற்ற வீட்டுக்குப் போயிருக்கும். அவருக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

இரண்டாவது, சுவர் நேராக இல்லை. பதிவுபெற்ற நில அளவையாளர் வந்து அளந்தபோது, முன்னால் சரியாக நடுவில் தொடங்கிய சுவர் பின்னால் 35 மில்லிமீற்றர் என் பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு நெஞ்சு திக்கென்றது. அவர் பதறவில்லை. எல்லைக்கோட்டைச் சுவரின் நடுவாலே அது போகிறபடியே வரைந்தார். சுவர் முடியும் இடத்தில் ஒரு சிறு முறிவு, அங்கிருந்து பின்வேலிவரை நேர்கோடு. பரப்பில் அக்காவுக்கு ஒரு சதுர மீற்றரும் கூடவில்லை. அந்தச் சுவருக்கு இருவருக்கும் பரஸ்பரத் தாங்கல் உரிமை உண்டு: என் பாதியை நான் இடித்து அவர் பாதியைச் சரிக்க முடியாது, அவரும் அப்படியே.

அளந்தபோதே வேறொன்றும் தெரிந்தது. அத்தான் ஆசையாகப் பூட்டிய ஏசி யூனிட் பின்பக்கத்தில் கோட்டைத் தாண்டி என் காணிக்குள் நின்றது. கழற்றி மாற்ற ஒரு சனிக்கிழமை போதுமாக இருந்தது. ஆனால் அளவை முடியும்வரை வெளியே எதையும் பொருத்தாதீர்கள் என்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

தண்ணீர்

எங்களை உண்மையில் அலைக்கழித்தது சுவர் அல்ல, நிலத்துக்குக் கீழே ஓடும் தண்ணீர்.

சிட்னியில் காணி பிரிப்பவர் சிட்னி வோட்டர் என்ற தண்ணீர் நிறுவனத்திடம் 73ஆம் பிரிவுச் சான்றிதழ் ஒன்று எடுக்கவேண்டும். புதிய காணி ஒவ்வொன்றுக்கும் குடிநீரும் கழிவுநீர் இணைப்பும் தனித்தனியாக இருக்கின்றன என்பதற்கான சான்று அது. நாமே நேரில் போய்க் கேட்க முடியாது, அங்கீகாரம் பெற்ற ஒருங்கிணைப்பாளர் வழியாகத்தான் போகவேண்டும். குடிநீருக்கு இரண்டாவது மீற்றர் போட்டால் முடிந்தது. கழிவுநீரில்தான் மாட்டினோம். பிரதான கழிவுநீர்க் குழாய் பின்வளவில், அக்காவின் பக்க மூலையில் வந்து நின்றுவிடுகிறது. என் காணிக்குள் அது எட்டிப்பார்க்கவில்லை. பில்டர் என் வீட்டுக் குழாயை அக்காவின் பின்வளவு வழியாகக் கொண்டுபோய் அவர்களுடைய இணைப்பிலேயே சேர்த்திருந்தார். ஒரே காணியாக இருக்கும்வரை அதில் பிழையில்லை. பிரிந்ததும் என் மலசலகூடம் அக்காவின் நிலத்தை நம்பி நிற்கும்.

பிரதான குழாயையே என் காணிக்குள் நீட்டவேண்டும் என்றார்கள். சில மீற்றர்தான். ஆனால் அது சிட்னி வோட்டரின் சொத்தாகப் போகும் குழாய். ஆகவே வடிவமைப்பு, அனுமதி, அங்கீகாரம் பெற்ற வேலைக்காரர், பரிசோதனை, கையளிப்பு என்று அத்தனை படியும் ஏறவேண்டும். அத்தோடு புதிதாகப் போட்டிருந்த சீமெந்துத் தரையை உடைத்தோம். அம்மா நட்ட கறிவேப்பிலையைப் பெயர்த்துத் தொட்டியில் வைத்தோம். அது பிழைத்தது. கட்டும்போதே, நிலம் திறந்து கிடந்த நாளில், இதே வேலை இரண்டு நாளில் முடிந்திருக்கும். எங்களுக்கு 2022 ஆகஸ்ட்வரை இழுத்தது.

மழைநீர் வேறு கதை. இந்தப் பகுதி மேல் பரமட்டா ஆற்றின் நீரேந்து நிலம். 1986இலும் 1988இலும் வந்த வெள்ளங்களுக்குப் பிறகு 1989இல் இதற்கென ஒரு அறக்கட்டளை அமைத்தார்கள். புதிதாகக் கட்டுபவர்கள் தங்கள் கூரையில் விழும் மழையைத் தங்கள் வளவுக்குள்ளேயே கொஞ்சநேரம் தடுத்து, மெல்ல மெல்ல வெளியே விடவேண்டும் என்ற விதி அங்கிருந்து வந்ததுதான். அவர்கள் முதலில் வகுத்த கணக்கு ஹெக்டேயருக்கு 470 கனமீற்றர் கொள்ளளவு. எங்கள் காணிக்கு அந்தக் கணக்கில் 30 கனமீற்றர், முப்பதாயிரம் லீற்றர். என் கார் ஓடும் தரைக்குக் கீழே அவ்வளவு பெரிய தொட்டி இருக்கிறது. எனக்கு இந்த விதி பிடிக்கும். டூங்காபி ஓடை ஓரம் குடியிருப்பவர்களுக்கு நம் வீட்டு மழை ஒரே அடியாகப் போய் விழக்கூடாது என்பது நியாயம்தானே.

சிக்கல் என்னவென்றால் தொட்டி ஒன்று, காணி இரண்டு. இரண்டாவது தொட்டி கட்ட இடமில்லை. ஆகவே எழுத்தில் தீர்த்தோம். பிரிப்பு வரைபடத்தோடு 88பி என்ற ஆவணம் ஒன்று போகும். அதில் மூன்று விடயம் எழுதினோம். அக்காவின் கூரை நீர் என் நிலத்துக்குள்ளால் ஒரு மீற்றர் அகலப் பாதையில் தொட்டிக்கு வர உரிமை. தொட்டியை இரு காணி உரிமையாளரும் சேர்ந்து பராமரிக்கும் கடமை. பராமரிக்காவிட்டால் கவுன்சில் உள்ளே வந்து செய்துவிட்டுச் செலவை எங்களிடம் அறவிடும் உரிமை. இது எங்கள் பெயரில் எழுதப்பட்டதல்ல, காணியின் தலையில் எழுதப்பட்டது. நாளை நான் விற்றாலும் வாங்குபவரோடு போகும்.

88பியை லோயரிடம் விட்டுவிடாமல் நீங்களே ஒரு மாலை உட்கார்ந்து வாசியுங்கள். முதல் வரைவில் பராமரிப்புச் செலவு முழுக்க என் காணியின் மேல் இருந்தது. தொட்டி அங்கே இருக்கிறதே என்ற நினைப்பில் யாரோ எழுதியது. வாசித்ததால் பிடித்தோம்.

கையெழுத்துகள்

இதன் பிறகு வந்தவை காகித வேலைகள், வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்சாரம் தனித்தனி என்று மின் நிறுவனத்தின் கடிதம். இரண்டாவது வீட்டுக்கான உள்ளூர்க் கட்டமைப்புப் பங்களிப்பைக் கட்டும்போதே செலுத்தியிருந்தோம். பழைய குடியிருப்புப் பகுதிகளில் அதற்கு உச்சவரம்பு 20,000 டொலர். எல்லாம் சேர்ந்ததும் 2022 ஒக்டோபரில் கவுன்சில் பிரிப்புச் சான்றிதழ் தந்தது. வரைபடத்தில் நாங்கள் இருவரும் கையெழுத்திட்டோம். காணி ஈட்டில் இருந்ததால் வங்கியின் சம்மதமும் வேண்டும், அதற்கு ஐந்து வாரம் எடுத்தார்கள். வங்கியிடம் கடைசியில் போனது எங்கள் பிழை. கழிவுநீர் வேலை நடக்கும்போதே கேட்டிருக்கலாம். நில அளவையாளர் எல்லாவற்றையும் காணிப் பதிவகத்தில் சேர்ப்பித்தார். டிசம்பரில் பழைய காணி இலக்கம் இல்லாமல் போய், லொட் 1, லொட் 2 என்று இரண்டு பிறந்தன.

பதிவான பிறகு

அன்று அக்கா பால்சோறு காய்ச்சினார். உண்மையில் வேலை முடியவில்லை.

பதிவாகும்போது லொட் 1இலும் இருவர் பெயர், லொட் 2இலும் இருவர் பெயர். காணி பிரிந்ததே தவிர உரிமை பிரியவில்லை. இது எத்தனை பேருக்குத் தெரியாது என்று பிறகு விசாரித்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. தனியொருவர் கட்டிப் பிரித்து விற்றால் இந்தப் பிரச்சினை இல்லை. கூடப்பிறந்தவர்கள் சேர்ந்து செய்தால், தன் பாதியை அவர் எனக்கும் என் பாதியை நான் அவருக்கும் மாற்றி எழுதவேண்டும். பங்குக்கு ஏற்ற மதிப்பைத்தான் எடுக்கிறோம் என்று மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு காட்டினால், முத்திரை வரி மேலதிகமாக எடுத்த மதிப்புக்கு மட்டும்தான். ஆனால் மூலதன ஆதாய வரியில் வரித்துறை இதை ஒரு கைமாற்றமாகவே பார்க்கிறது. அக்காவின் வீட்டில் இருந்த என் பாதி நான் குடியிருந்த வீடல்ல, ஆகவே சொந்த வீட்டு விலக்கு அதற்கு வராது. கணக்காளரிடம் வாங்கும் முன்னரே இதைக் கேளுங்கள். பிரிக்கும்போது கேட்டால் அவர் சொல்லக்கூடியது தொகையை மட்டும்தான்.

அப்புறம் கடன். இருவரும் சேர்ந்து எடுத்த ஒரே கடன்; அப்படியென்றால் முழுத்தொகைக்கும் ஒவ்வொருவரும் பொறுப்பு. அதை அடைத்து, ஆளுக்கொரு புதிய கடன் எடுக்கவேண்டும். நாங்கள் குடிபுகுந்த 2021 ஆகஸ்ட்டில் மத்திய வங்கியின் வட்டி வீதம் 0.10 சதவீதம். 2022 மே மாதத்திலிருந்து ஏறத் தொடங்கி, நாங்கள் கடனைப் பிரித்த 2023 பெப்ரவரியில் 3.35. அதோடு, கேட்பவர் இன்னும் 3 சதவீதப் புள்ளி வட்டி கூடினாலும் தாங்குவாரா என்று வங்கிகள் பார்க்கவேண்டும் என்பது ஒழுங்கு. இடைப்பட்ட காலத்தில் அத்தானுக்கு முதுகு வலி வந்து வேலை நேரம் குறைந்திருந்தது. முதல் வங்கி அவர்களுக்கு இல்லை என்றது. மூன்று வாரம் அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. அவர் என்னை ஒரு சொல் சொல்லவில்லை. ஆனால் "பிறகு செய்யலாம்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்தவன் நான்தானே. கடைசியில் அக்காவின் மகளையும் கடனில் சேர்த்து வேறொரு வங்கி தந்தது. காலேஜ் முடித்து முதல் வேலைக்குப் போன பிள்ளை, தன் வீட்டுக்குச் சேர்க்கும் காசை நினைத்துக்கொண்டு கையெழுத்திட்டது.

அடைப்பும் மாற்றமும் புதிய ஈடும் ஒரே நாளில், மின்வழியில், அரைமணி நேரத்துக்குள் நடந்தன.

அம்மா உறுதியைக் காட்டச் சொன்னார். காட்ட ஒன்றுமில்லை. 2021 ஒக்டோபர் 11இலிருந்து இந்த மாநிலத்தில் காகித உறுதி கிடையாது, பதிவேட்டில் உள்ளதுதான் எல்லாம். அதை அவரால் ஏற்க முடியவில்லை. இரண்டு தேடல் பிரதிகளைப் பணம் கட்டி எடுத்து அச்சிட்டுக் கொடுத்தேன். கண்ணாடி போட்டு இரண்டிலும் பெயர் சரிபார்த்தார். ஒன்றில் அக்கா பெயர் மட்டும், மற்றதில் என் பெயர் மட்டும். ஊரிலிருந்து கொண்டுவந்த தகரப்பெட்டியில், பேரனின் உறுதிக்கு மேலே அவற்றை வைத்தார்.

தொட்டி இன்னும் பொதுவில்தான் இருக்கிறது. 88பிப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து வலையில் சிக்கிய இலையையும் சேற்றையும் அள்ளவேண்டும். போனமுறை நான் செய்தேன். வருகிற ஞாயிறு அக்கா வீட்டு முறை, பெடியன் சப்பாத்தோடு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.